நாலு பக்கமும் திறந்த கொட்டகை

வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த கட்டட டிசைன் ஆபீஸில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மூன்று கம்ப்யூட்டர், டிராயிங் அச்சடிக்க ஒரு பிளாட்டர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்காரரின் அறை, அவ்வளவுதான் ஆபீஸ். கணக்குப் போடுவது நான். கையெழுத்துப் போடுவது அவர். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. நானும் பி.இ. சிவில்தான். ஆனால் எனக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் இத்தனை வருடம் என்னிடம் வேலை செய்தாள் என்று அவர் ஒரு சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். மூன்றாவது வருடத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்பார், ஒவ்வொரு வருடமும்.

எங்களிடம் வந்த வேலைகளில் பாதிக்கு மேல் கொட்டகைகள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கொட்டகை, லாரி நிறுத்தும் கொட்டகை, கோயில் முன்னால் தகரப் பந்தல். இரும்புத் தூண், மேலே ஷீட், சுவர் கிடையாது. பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். காற்றுச் சுமையைக் கணக்கிட உட்கார்ந்தால்தான் தெரியும், நாலு சுவர் உள்ள வீட்டைவிட இது தொல்லை பிடித்தது என்று. திறந்துதானே கிடக்கிறது, காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகும்போது அது கூரையை மேலே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். தகரக் கூரைக்குப் பெரிய கனம் கிடையாது. அதைத் தரையோடு பிடித்து வைப்பது தூணுக்கு அடியில் புதைந்திருக்கும் கான்கிரீட்தான். அந்த ஃபுட்டிங் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கின் முடிவு.

ஒரு நாள் உறுவையாற்றிலிருந்து ஒரு நிலக்காரர் வந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். என் அப்பா அவர் நிலத்தில் வேலை செய்தவர். சின்னம்மா, அதாவது என் அம்மாவின் தங்கை, அப்போதும் அங்கேதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ காலனி பொண்ணுதானே? மாட்டுத் தொழுவம் பாத்துகினு இருந்தானே, அவன் பொண்ணு."

"ஆமாம் சார்."

அந்த 'சார்' அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. என் அப்பா அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் அதை வேண்டுமென்றேதான் சொன்னேன். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்தே, இவரை என்றாவது பார்த்துப் பேச நேர்ந்தால் சார் என்றுதான் கூப்பிடுவேன் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவருக்குக் களத்துமேட்டில் ஒரு கொட்டகை வேண்டும். அறுபதடி நீளம், நாற்பதடி அகலம். ஒரே பக்கம் சரிவு. மேற்கே உயரம், டிராக்டரும் அறுவடை மெஷினும் அந்தப் பக்கமாக உள்ளே வரும். கிழக்கே தாழ்வு. நாலு பக்கமும் திறப்பு.

"கீழ இன்னா வெப்பீங்க சார்?" என்று கேட்டேன்.

"இது இன்னா கேள்வி? நெல்லு மூட்டை வெப்போம். வைக்கோல் கட்டு வெப்போம். கொட்டாயில வேற இன்னாத்த வெப்பாங்க?"

அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. காற்றுச் சுமைக்கான விதிப் புத்தகத்தில், திறந்த கொட்டகை அட்டவணையில் அடைப்பு விகிதம் என்று ஒன்று உண்டு. கூரைக்கு அடியில் ஒன்றுமே இல்லாவிட்டால் பூஜ்ஜியம். கூரை விளிம்பு வரைக்கும் சரக்கை அடுக்கி ஒரு பக்கத்தை மூடிவிட்டால் ஒன்று. உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும், கூரையை அடியிலிருந்து தள்ளும். இந்த மாதிரிக் கூரையில் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுக்குப் போனால் தூக்கும் சுமை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அவர் சொன்னதை வைத்து நான் ஒன்று என்று போட்டேன். புதுச்சேரி புயல் அடிக்கிற கரை, களத்துமேட்டைச் சுற்றி மரம்கூட இல்லாத வயல்வெளி. எல்லாவற்றையும் சேர்த்தபோது ஒரு தூணுக்கு ஒன்றரை மீட்டர் சதுரத்தில் நல்ல ஆழமான ஃபுட்டிங் வந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

இடம் அளக்கப் போன அன்று ஆபீஸ்காரரும் வந்தார். நான் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது களத்தின் மறுகோடியில் நெல் தூற்றிக்கொண்டிருந்த சின்னம்மா என்னைப் பார்த்துவிட்டாள். முறத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"யே பாப்பா, நீயாடி? இன்னாடி இது, கயிறு புடிச்சிகினு நிக்கிற?"

"கொட்டாயி கட்டப் போறாங்க சின்னம்மா. நான்தான் கணக்குப் போடறன்."

அவள் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், இங்க வாங்கடி. எங்க அக்கா பொண்ணுதான் கொட்டாயி கட்டறா." நிலக்காரர் வீட்டிலிருந்து காபி வந்தது. ஆபீஸ்காரருக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். சின்னம்மா அதைக் கவனித்தாளா என்று தெரியாது. நான் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கி என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

டிராயிங் கொடுத்து நாலு நாள் கழித்து நிலக்காரர் மறுபடி வந்தார். கோபமாக வந்தார். ஷெட் போடுகிற வெல்டிங்காரரிடம் டிராயிங்கைக் காட்டியிருக்கிறார். அவர் சிரித்திருக்கிறார்.

"பன்னண்டு தூணுக்கு இவ்ளோ கான்கிரீட்டா? மேல தகரம்தானே வரப் போவுது, மாடி வூடா கட்டப் போறன்? அவன் சொல்றான், இதுல பாதி போதும்னு. முப்பது வருஷமா ஷெட்டு போடறவன்."

நான் எழுந்து நின்று சொன்னேன். "சார், இது கூரைய தாங்கறதுக்குப் போடற கான்கிரீட் இல்ல. காத்து அடிச்சா கூரை மேல போவும். அத புடிச்சி வெக்கறதுக்கு."

"கொட்டாயி பறந்து பூடுமா? இது இன்னா பட்டமா?" அவர் என்னிடம் பேசவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துப் பேசினார். "நாலு பக்கமும் தொறந்து கெடக்குது. காத்து வந்தா வந்த வழியே போவுது. அதுக்குக்கூட இந்தப் பொண்ணுகிட்ட கணக்குக் கேட்டுகினு நிக்கணுமா நாங்க? இது அப்பன் எங்க தொழுவத்துல சாணி அள்ளிகினு இருந்தவன்."

ஆபீஸ்காரர் அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போய்ப் பேசி, சிரிக்க வைத்து அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த அடைப்பு விகிதம் எவ்வளவு போட்ட?"

"ஒண்ணு சார்."

"சைபர் போட்டு ரன் பண்ணு."

"அடியில வைக்கோல் அடுக்குவேன்னு அவரே சொல்றாரு சார்."

"வாயால சொன்னாரு. எழுதிக் குடுத்தாரா? டிராயிங்ல ஒரு நோட் போட்டுடு, கூரைக்கு அடியில காத்த மறிக்கிற மாதிரி எதுவும் அடுக்கக் கூடாதுன்னு. நம்ம மேல வராது." நான் நகராமல் நின்றேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தம்மா, அவர விட்டா அந்தப் பக்கத்து வேலை மொத்தமும் போயிடும். இத முடி. ஒன் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ட இந்த மாசமே டைப் பண்ணச் சொல்றன்."

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அடைப்பு விகிதக் கட்டத்தில் இருந்த ஒன்று என்ற எண்ணை அழித்துப் பூஜ்ஜியம் போட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஃபுட்டிங் ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சுருங்கியது, ஆழமும் குறைந்தது. டிராயிங்கின் வலது மூலையில், பன்னிரண்டு குறிப்புகளுக்கு நடுவில் ஏழாவதாக அந்த நோட்டைப் போட்டேன். இங்கிலீஷில், எறும்பு அளவு எழுத்தில். எங்கள் ஆபீஸில் நோட்டெல்லாம் அந்த அளவில்தான் போடுவோம். தமிழில், பெரிதாக, சிவப்பு மையில் எழுதியிருக்கலாம் என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறேன். அன்று நினைக்கவில்லை. அப்படி எழுதினால் நிலக்காரர் அதைப் படித்துவிடுவாரே என்ற எண்ணம்கூட உள்ளே எங்கோ இருந்திருக்கும். முதலில் போட்ட கணக்கை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

சர்டிபிகேட் அந்த மாதம் வரவில்லை.

கொட்டகை இரண்டு மாதத்தில் எழுந்துவிட்டது. பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, கேசரி கொடுத்தார்களாம். ஆபீஸ்காரருக்குச் சால்வை போட்டார்கள். சின்னம்மா போனில் சொன்னாள்: "ஒன் கொட்டாயி சூப்பரா இருக்குடி. வெயிலு படாம மூட்டை தைக்கலாம். மழை வந்தா ஓடி ஒதுங்க வாணாம்." நான் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சித்திரையில் நவரை அறுவடை முடிந்த சமயம், அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது களத்துமேட்டைக் கடக்க வேண்டும். கொட்டகையின் கிழக்குப் பக்கம் முழுவதும் வைக்கோல் கட்டுகள், தகடு தொடுகிற உயரம் வரைக்கும் சந்து விடாமல் அடுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் நெல் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு. உள்ளே நின்று பார்த்தால் கிழக்கே சுவர் கட்டிய மாதிரி இருந்திருக்கும். நல்ல வேலைக்காரர்கள் அடுக்கியது, ஒரு கட்டுகூடப் பிதுங்கவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நிலக்காரரின் நம்பர் என் போனில் இருந்தது. 'சார், கிழக்குப் பக்கம் வைக்கோலை எடுத்துவிடுங்கள், காற்று வந்தால் ஆபத்து' என்று வாட்ஸ்அப்பில் அடித்தேன். படித்துப் பார்த்தேன். அப்படியானால் ஏன் இந்த மாதிரிக் கணக்குப் போட்டாய் என்று கேட்பார். அழித்துவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸ்காரரிடம் சொன்னேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே, "நோட் இருக்குல்ல?" என்றார். அதோடு அவர் பேச்சு முடிந்தது. நானும் முடித்துக்கொண்டேன்.

சின்னம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். மழை வந்தால் அந்தக் கொட்டகைக்குள் போகாதே என்ற ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாள். அவளிடம் எதைச் சொல்வது? ஊரெல்லாம் என் அக்கா மகள் கட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

அடித்தது புயல்கூட இல்லை. வைகாசி தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், நாலு மணி இருக்கும், மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் ஆபீஸில் இருந்தேன். கரண்ட் போயிற்று. கீழே கடையின் ஃப்ளெக்ஸ் போர்டு கிழிந்து பஸ்மீது போய் ஒட்டிக்கொண்டதை ஜன்னலில் பார்த்தேன். புழுதி, பிறகு பெரிய பெரிய தூறல், அப்புறம் கொட்டு கொட்டென்று மழை. அரை மணியில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. வெப்பம் தணிந்ததே என்று ஜெராக்ஸ் கடைக்காரர் டீ வாங்கி வந்தார். நான் அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் போன் வந்தது.

"கொட்டாயி உழுந்துடுச்சு. சின்னம்மா உள்ள மாட்டிகினா. ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போறாங்க."

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே அவளோடு வேலை செய்யும் ஒரு பெண் சேற்றுப் புடவையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். அவள்தான் சொன்னாள். அஞ்சு பேர் களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மழை வந்ததும் எல்லோரும் கொட்டகைக்குள் ஓடி, நெல் மூட்டை அடுக்கில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே மேற்கிலிருந்து காற்று உள்ளே வந்திருக்கிறது.

"மொதல்ல தகடு படபடன்னு அடிச்சுது. அப்புறம் சத்தமே இல்ல. தூணு மேல வந்துச்சுக்கா, தரைய பேத்துகினு. அடியில இருந்த கல்லோட வந்துச்சு. நாங்க பக்கவாட்டுல வெளிய ஓடி வந்துட்டோம். ஒன் சின்னம்மா நெல்லு மூட்டை மேல தார்ப்பாய் மூடப் போனா."

கூரை அப்படியே மேலே எழும்பி, மடங்கி, கிழக்கே சாய்ந்து விழுந்திருக்கிறது. ஒரு இரும்புச் சட்டம் சின்னம்மாவின் வலது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் விழுந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கையை எடுக்க வேண்டியிருக்காது என்றார்கள். நரம்பு நசுங்கியிருக்கிறது, விரல்களுக்கு உணர்வு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாள் காலை களத்துமேட்டுக்குப் போனேன். மேற்கு வரிசையில் நாலு தூண்கள் ஃபுட்டிங்கோடு பிடுங்கிக்கொண்டு வெளியே கிடந்தன. கான்கிரீட் உடையவில்லை, போல்ட்டு அறுந்துபோகவில்லை. வெல்டிங்காரர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். கனம் மட்டும் போதவில்லை. பழக்க தோஷத்தில் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு ஃபுட்டிங்கை அளந்தேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், டிராயிங்கில் இருந்தபடி, ஒரு சென்டிமீட்டர் குறையவில்லை. குழியில் மழைத் தண்ணீர் நின்றது.

ஆபீஸ்காரர் காரில் வந்து இறங்கினார், கையில் டிராயிங் சுருள். நிலக்காரர் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸ்காரர் வைக்கோல் குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டிராயிங்கை விரித்து ஏழாவது நோட்டில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. எதையும் அடுக்கக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கோம்."

"இங்கிலீசுல எழுதி வெச்சா யாருக்குய்யா தெரியும்? நான் வந்து ஒன் ஆபீசுல வாயால சொன்னனே, வைக்கோல் வெப்பன்னு. யாரு போட்டது இந்தக் கணக்க?"

ஆபீஸ்காரர் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நான் நின்ற பக்கம் காட்டினார். "டிசைன் பண்ணது இந்தப் பொண்ணுதான். நான் நம்பி கையெழுத்துப் போட்டேன்."

நிலக்காரர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்கிற மாதிரி ஆட்டினார். "அதானே பாத்தன். படிச்சிட்டா மட்டும் வந்துடுமா? எது எது எங்க இருக்கணுமோ அங்க இருந்தாத்தான் சரி."

நான் வாயைத் திறந்தேன். முதலில் நான் போட்ட கணக்கு வேறு, அதைக் குறைக்கச் சொன்னது நீங்கள் இரண்டு பேரும்தான் என்று சொல்ல வேண்டும். சுற்றி ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் நின்றார்கள். எங்கள் தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆனால் குறைத்தது யார் கை? அந்த ஒரு நினைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்று நானே நினைத்துவிட்டேன். இன்றைக்கும் அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சாணி அள்ளுகிறவன் மகள் என்பதால் கணக்குத் தப்பவில்லை. சரியாகப் போட்டுவிட்டுத்தான் மாற்றினேன்.

அன்று மத்தியானமே ஆபீஸ் சாவியை என்னிடம் வாங்கிக்கொண்டார்கள்.

போலீஸிலிருந்து விசாரிக்க வந்தார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பீரோவிலிருந்து அந்தப் பிரிண்ட்டை எடுத்தேன். முதல் கணக்கு, தேதியோடு. இதைக் கொடுப்பது, நடந்ததை நடந்தபடி சொல்வது, என் பங்கையும் சேர்த்து. அதற்கு முன்னால் சின்னம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவள் கை கட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஆப்பிள் பை ஒன்று இருந்தது.

"பெரிய வூட்லேருந்து வந்தாங்க," என்றாள். "ஆஸ்பத்திரி செலவு பூரா பாத்துக்கறன்னு சொல்ட்டாரு. எம் புள்ளைக்கு அறுப்பு மெஷினு ஓட்டற வேலை தர்றாராம்."

"சின்னம்மா, நான் ஸ்டேஷனுக்குப் போறன். இதக் குடுக்கப் போறன்."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். "இன்னாது இது?"

சொன்னேன். கூரை ஏன் தூக்கும், வைக்கோல் மறித்தால் என்ன ஆகும், முதலில் எவ்வளவு கான்கிரீட் போட்டேன், பிறகு யார் சொல்லி எதை மாற்றினேன். என்னால் முடிந்த அளவு எளிதாகச் சொன்னேன். அவள் கூரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"வைக்கோலு அடுக்கனா உழும்னு ஒனக்குத் தெரியும்."

"காத்து பலமா வந்தா உழும்னு தெரியும்."

"நாங்க அங்க வேலை செய்யறோம்னும் தெரியும்."

"தெரியும்."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். இடது கையால் வாங்கிக் குடித்தாள், கொஞ்சம் சிந்தியது.

"அத மடிச்சி உள்ள வெய்யி," என்றாள். "நீ போய் இத குடுத்தா கேஸு ஆவும். அவுரு என்கிட்ட சொன்னத மாத்திடுவாரு. எம் புள்ளை வேலை பூடும். ஒனக்கும் ஜெயிலு கெடைக்கும். எனக்கு இன்னா கெடைக்கும், சொல்லு. கை வந்துடுமா?"

"தப்பு பண்ணவங்க சும்மா போயிடுவாங்க சின்னம்மா."

"நீயும் சும்மா போ," என்றாள்.

அதை அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் என்னை ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கூப்பிட்டபோது நான் டிசைனில் உதவி செய்தேன், கையெழுத்து என்னுடையது இல்லை என்றேன். இரண்டும் உண்மை. எழுதிக்கொண்டார்கள். காகிதம் பையிலேயே இருந்தது. கடைசியில் எதிர்பாராத சூறைக்காற்றால் கொட்டகை சரிந்தது என்று எழுதி முடித்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த விதிப் புத்தகத்தில் எங்கள் கரைக்கு எவ்வளவு வேகக் காற்றை எதிர்பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அன்று சாயங்காலம் அடித்த காற்று அதைத் தாண்டியிருக்க வழியில்லை. அன்று ஊரில் வேறு ஒரு கொட்டகையும் விழவில்லை.

அடுத்த தைக்குள் அதே இடத்தில் புதுக் கொட்டகை வந்தது. டவுனிலிருந்து ஒரு என்ஜினீயர் கணக்குப் போட்டாராம். வெல்டிங்காரரைக் கடைத்தெருவில் பார்த்தபோது ஃபுட்டிங் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். நான் முதலில் போட்டதைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம்.

"மொதலாளி ஒண்ணும் சொல்லலியா?"

"ஒரு பேச்சு பேசலம்மா. என்ஜினீயர் சொன்னா சரின்னுட்டாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவரு நம்ம மாதிரி இல்ல, பெரிய ஆளு" என்றார். நம்ம என்று அவர் என்னைச் சேர்த்துக்கொண்டது அன்பினால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் கடலூர் சாலையில் கான்கிரீட் கலந்து லாரியில் அனுப்பும் ஒரு ரெடிமிக்ஸ் பிளாண்டில் வேலை செய்கிறேன். கான்கிரீட் கட்டிகளை இருபத்தெட்டாவது நாள் நசுக்கிப் பார்த்து, எந்தச் சுமையில் உடைந்தது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஆறு வருடத்துக்கான சர்டிபிகேட் கேட்டு ஆபீஸ்காரருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவர் ஆபீஸ் மாடியிலிருந்து மெயின் ரோட்டுக்கு மாறிவிட்டது, ஏசி போட்டிருக்கிறார்கள்.

சின்னம்மாவின் வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. மற்ற மூன்றும் மடங்காது. நாற்று பிடிக்க முடியாது, முறம் பிடிக்க முடியாது. அவள் மகன் ஒரு பருவம் அறுப்பு மெஷின் ஓட்டினான். பிறகு மெஷினை விற்றுவிட்டார்கள், அவனைக் கூப்பிடவில்லை. அவள் என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்பாள், சாப்பிட உட்காரச் சொல்வாள். முன்பு போல டீ போட்டு வாடி என்று வேலை சொல்வது மட்டும் நின்றுவிட்டது. தலை வாரிவிடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறாள். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று அம்மா என்னை வரச் சொன்னாள். எழுதத் தெரிந்தவள் நான்தான். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். காயம் எவ்வாறு ஏற்பட்டது என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை நிறுத்திவிட்டுச் சின்னம்மாவைப் பார்த்தேன்.

"கொட்டாயி பேச்ச எடுக்காத," என்றாள். "அப்புறம் எந்தக் கொட்டாயி, யாரு வூட்டு கொட்டாயின்னு கேட்டுகினு இருப்பானுங்க. அவங்க வூட்ல கையெழுத்து வாங்கினு வான்னுவானுங்க. வழுக்கி உழுந்துட்டன்னு எழுதுடி."

வழுக்கி விழுந்ததில் ஏற்பட்ட காயம் என்று எழுதினேன். அவள் இடது கைப் பெருவிரலில் மை தடவி, காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன்.